கட்டிலுக்குக் கீழே ஒரு பாய்: வாய்ப் புற்றுநோய் அறுவைக்கு வந்த தாயும் உடனிருந்த மகளும்

புற்றுநோய் அறுவை சிகிச்சை வார்டு ஒன்றில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளியைப் பற்றி எங்கள் கேஸ் ஷீட்டில் பக்கம் பக்கமாக எழுதப்படும். கூட இருப்பவருக்கு அதில் ஒரு வரிதான் உண்டு: 'அட்டெண்டர்: மகள்'. அந்த ஒரு வரிக்குள் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் மருத்துவமனையையும் தவிர்த்துவிட்டேன்.

உடனிருப்பவருக்குப் பாசம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று வார்டில் நாங்கள் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம், நானும்தான். அப்படி வராது. கன்னத்தையும் தாடையையும் வெட்டி எடுத்த ஒருவரைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. எந்த வேலையையும் போல அதையும் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

வந்தபோது

தாய்க்கு 57 வயது. கும்பகோணம் பக்கத்தில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை. பன்னிரண்டு வயதில் தொடங்கிய வேலை அது. வெற்றிலை போடும் பழக்கமும் கிட்டத்தட்ட அந்த வயதிலேயே வந்துவிட்டது. இடது கன்னத்தின் உள்பக்கம் புண் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பல் குத்துகிறது என்று முதலில் நினைத்திருக்கிறார். மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் வாங்கிப் பார்த்தார். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வாய் திறக்காமல் போன பிறகுதான் பல் மருத்துவரிடம் போனார். அவர் பார்த்த அன்றே எங்களிடம் அனுப்பிவிட்டார். அந்த அவசரத்துக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானது. ஸ்கேனில் கட்டி கன்னத்தின் வெளித்தோல் வரை வந்திருந்தது, கீழ்த்தாடை எலும்பையும் தொட்டிருந்தது. கழுத்தில் நெறிக்கட்டு. திட்டம் இதுதான்: கன்னத்தையும் தாடையின் ஒரு பகுதியையும் எடுப்பது, இடது கழுத்தின் நெறிக்கட்டுகளை எடுப்பது, நெஞ்சிலிருந்து தோலும் தசையும் கொண்டுவந்து கன்னத்தை மூடுவது. மூச்சுக்குத் தொண்டையில் ஒரு துளை, உணவுக்கு மூக்கு வழியாக ஒரு குழாய். காயம் ஆறியதும் கதிர்வீச்சு.

உடன் வந்தவர் மகள். 29 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. நான்கு வயதுப் பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். தாயின் மகன் குவைத்தில். தாயின் கணவர் ஊரிலிருந்து வந்து போனார். பெண்கள் வார்டில் இரவில் ஆண்களை விடமாட்டோம் என்பதால் அவருடைய இடம் வெளியே வேப்ப மரத்தடிதான்.

காப்பீட்டு வேலையை அவர்தான் பார்த்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓவிடம் சான்று வாங்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்ததில் இரண்டு நாள் அலைச்சல். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துவிடுங்கள். கவுன்ட்டரில் நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

"புகையிலைகூட எப்பவாவதுதான் மேடம் போடும். வெறும் பாக்குதானே" என்று மகள் என்னிடம் முதல் நாளே சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004-லேயே வகைப்படுத்தியது. கொடிக்காலை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை. அன்று அதை நான் விளக்கவில்லை. அறுவைக்குக் காத்திருக்கும் வாரத்தில் "இதனால்தான் உனக்கு வந்தது" என்று சொல்வதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அப்பாவும் வெற்றிலை போடுபவர் என்பதால், அவரை மட்டும் வாய்ப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தேன்.

சொல்லாமல் வைத்தது

சேர்ந்த மறுநாள் மகன் குவைத்திலிருந்து போன் செய்தார். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் மேடம். கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா அது சாப்பிடாம கிடந்தே போயிடும்." மகளுக்கும் அதே எண்ணம்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது இதை என்னிடம் கேட்கிறார்கள். அதை அன்பில்லாத பேச்சு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அம்மாதான். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பது தெரியாமல் ஒருவர் தாடையை எடுக்க ஒப்புக்கொள்ள முடியாது.

அன்று மாலை அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, வெற்றிலை அடுக்குவது போல மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நூறு வெற்றிலை ஒரு கவுளி; நாற்பத்தைந்து வருஷம் எண்ணிய விரல்கள் சும்மா இருக்கும்போதும் எண்ணிக்கொண்டிருக்கும் போல. "உடம்புக்கு என்னன்னு டாக்டர் சொன்னாங்களாம்மா? உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?" என்று கேட்டேன்.

"வாசல்லயே போர்டு போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்" என்றார். பிறகு பதினோராம் கட்டிலைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு வாரம் முன்பு இதே அறுவை முடிந்த அம்மா தொண்டையில் குழாயோடு படுத்திருந்தார். "அந்த அம்மா பேசி நான் பாக்கல. எனக்கும் பேச்சு போயிடுமா? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

நோயின் பெயரை மறைக்க வீட்டில் அத்தனை பாடுபட்டார்கள். அவருக்கு அந்தப் பெயரில் பயம் இல்லை. கண்முன்னால் இன்னொருத்தியின் கழுத்தில் தெரிந்த துளைதான் வார்டுக்கு வந்ததிலிருந்து அவரைத் தூங்கவிடவில்லை. நோயாளியிடம் உண்மை சொல்வது என்றால் நாம் 'புற்றுநோய்' என்ற ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். நாளை கண் விழிக்கும்போது என் உடம்பில் என்னென்ன இருக்கும், எது எத்தனை நாளில் எடுக்கப்படும் என்பதுதான் பெரும்பாலானவர்கள் தெரிந்துகொள்ளத் தவிப்பது. அதைச் சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

மறுநாள் அறுவை மருத்துவர் அம்மா, மகள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து 20 நிமிடம் பேசினார். நாக்கையோ குரல்வளையையோ தொடப்போவதில்லை. தொண்டைத் துளை வழியாக மூச்சு போகும் வரை சத்தம் வராது. துளையை மூடியதும் வரும். உதடும் கன்னமும் இறுக்கமாக இருப்பதால் முதலில் குழறும். 'ப', 'ம' கொஞ்ச நாள் சிரமம். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "சோறு?" அதற்கும் பதில் சொன்னார்: முதலில் குழாய், பிறகு கஞ்சி, குழைந்த சோற்றுக்கு மாதக் கணக்கில் ஆகலாம், முறுக்கு மாதிரி கடித்துச் சாப்பிடுவதை விட்டுவிட வேண்டியதுதான்.

அண்ணனுக்கு அன்றிரவு மகளே போன் செய்து சொல்லிவிட்டார். அவர் கோபித்துக்கொண்டு போனை வைத்தார். அம்மா அன்று இரவு தூங்கினார்.

ஐந்து சைகை

அறுவைக்கு முந்தைய மாலை அம்மாவும் மகளும் என்னோடு உட்கார்ந்து சைகைகளை முடிவு செய்தோம். ஒரு விரல்: தொண்டையில் சளி, உறிஞ்சி எடுக்கச் சொல். இரண்டு விரல்: வலி. மூன்று: தலைப்பக்கத்தை உயர்த்து. மூடிய கை: பெட்பேன். விரித்த உள்ளங்கை: சும்மா விடு. ஐந்தாவதை அம்மாவே சேர்த்தார். மற்றதற்கெல்லாம் ஒரு சிலேட்டு; அப்பா வெளிக்கடையில் வாங்கி வந்தார். காகிதமும் பேனாவும் படுத்தபடி எழுத உதவாது, சிலேட்டு உதவும். கையில் ஊசி ஏற்றும்போது எழுதுகிற கையை விட்டுவிடச் சொல்லி முன்கூட்டியே சிஸ்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். இதை நாங்கள் மறந்துவிட்டோம். வலது கையில் ஊசி ஏற்றியதால் முதல் இரண்டு நாள் சிலேட்டு தலையணை அடியிலேயே கிடந்தது.

அறுவை ஒன்பது மணி நேரம் நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவு, பிறகு வார்டு.

வார்டுக்கு வந்த முதல் நாள் மகளைப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. அம்மாவைச் சுற்றி ஏழு குழாய்கள். தொண்டையில் ஒன்று, மூக்கில் ஒன்று, கழுத்தில் இரண்டு, நெஞ்சில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று, கையில் ஒன்று. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று மகளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயில் உணவு கொடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அம்மா தட்டையாகப் படுத்திருக்க, பெரிய சிரிஞ்சில் இளநீரை நிரப்பி, வேகமாக அழுத்திக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இருமல் வந்து தொண்டைத் துளையிலிருந்து சளி தெறித்தது. மகள் சிரிஞ்சைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

மூத்த சிஸ்டர் ஒருவர் அப்புறம் வந்து கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைப் பாதி உட்கார்ந்த நிலைக்கு உயர்த்து. மூக்கு ஓரத்தில் குழாயில் போட்டிருக்கும் குறி அதே இடத்தில் இருக்கிறதா பார். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடாதே, கூப்பிடு. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலைக் குழாயில் செருகி, உயர்த்திப் பிடி, தானாக இறங்கட்டும். ஒரு வேளைக்கு 200 மில்லி. முன்னும் பின்னும் வெந்நீர் ஆறவைத்தது கொஞ்சம். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரம் தலையை இறக்காதே. மாத்திரையை ஒவ்வொன்றாகப் பொடித்துக் கரை. எல்லா மாத்திரையையும் பொடிக்கக்கூடாது, கேட்டுவிட்டுச் செய். சத்துமாவுக் கஞ்சி குழாயை அடைக்கும், வெள்ளைத் துணியில் வடிகட்டு. பதினைந்து நிமிடத்தில் முடிந்த பாடம். அதன்பின் இருமல் வரவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தை அறுவைக்கு முன்பே கொடுத்திருக்கலாம். அறுவைக்கு முன் நான்கு நாள் அவர்கள் வார்டில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளையாக வந்தது

மகளிடம் ஒரு நோட்டு கொடுத்தேன், 40 பக்க நோட்டு. நேரம், கொடுத்தது எவ்வளவு, சிறுநீர், காய்ச்சல், யார் வந்து என்ன சொன்னார்கள். அவர் தாமாகவே இன்னொரு பத்தி கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டார்: 'டப்பா'. கழுத்துக் காயத்திலிருந்து வடியும் நீர், துருத்தி போல் அமுங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேரும். சிஸ்டர் அதை ஒவ்வொரு காலையும் அளந்து கொட்டுவார். மகள் அதன் நிறத்தை எழுதினார். முதல் நாள்: 'சிவப்பு'. இரண்டாம் நாள்: 'ரோஸ்'. மூன்றாம் நாள்: 'வெளிர் ரோஸ், டீ மாதிரி'.

மூன்றாம் நாள் பால் ஆரம்பித்தார்கள். உணவுப் பட்டியலிலேயே பால் இருந்தது. ஊரிலிருந்து வந்த சித்தி பாதாம் அரைத்த பாலும் கொண்டுவந்தார், கஞ்சியில் ஒரு கரண்டி நெய்யும் விடச் சொன்னார். இளைத்துப் போன அக்காளுக்கு வேறென்ன கொண்டுவருவார்?

நான்காம் நாள் இரவு 9.40-க்கு நோட்டில் இப்படி இருக்கிறது: 'மோர் கலந்த மாதிரி. போட்டோ எடுத்தேன்.'

பணியில் இருந்த சிஸ்டரிடம் காட்டியிருக்கிறார். அன்று இரவு வார்டில் 34 நோயாளிகளுக்கு இரண்டு சிஸ்டர்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் டப்பாவை அளந்து கொட்டியாயிற்று. ஷீட்டில் ஏறியது எண் மட்டும். எட்டரைக்கு ரவுண்ட்ஸ் வந்தபோது டப்பாவில் சொட்டுத்தான் இருந்தது. மகள் பேசத் தொடங்குவதற்குள் குழு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டது. இந்த இடத்தில் பலர் விட்டுவிடுவார்கள். இவர் பின்னாலேயே போய், பயிற்சி மருத்துவர் ஒருவரின் முன்னால் போனை நீட்டினார். "டாக்டர், இது நேத்து ராத்திரி. ஷேடு மாறியிருக்கு."

திருப்பூரில் அவருடைய வேலையே அதுதான். ஒரே லாட்டில் வந்த துணிகளில் ஒரு பீஸ் மட்டும் லேசாக நிறம் மாறியிருந்தால் எடுத்து ஓரமாக வைப்பது.

குழு திரும்பி வந்தது. நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கொழுப்பு அளவு கூடுதலாக இருந்தது. நாம் சாப்பிடும் கொழுப்பு குடலிலிருந்து நிணநீர் வழியாக ஏறி, இடது கழுத்தின் அடிப்பகுதியில்தான் இரத்தத்தில் சேர்கிறது. அந்த இடத்தில் நெறிக்கட்டு எடுக்கும்போது அந்த நாளம் கொஞ்சம் காயப்படுவது, கவனமான கைகளிலும் எப்போதாவது நடக்கும். அப்போது கழுத்துக் குழாயில் பால் போன்ற நீர் வரும். கவனிக்காமல் விட்டால் உடம்பிலிருந்து புரதமும் உப்புகளும் போய்க்கொண்டே இருக்கும். ஒட்டவைத்த தசையும் கெட்டுப்போகலாம். சீக்கிரம் பிடித்துவிட்டால் பெரும்பாலும் சாப்பாட்டை மாற்றினாலே அடங்கிவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. பால், நெய், பாதாம் எல்லாம் நிறுத்தம். வடித்த கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கொழுப்பு நீக்கிய பால் பவுடர், முட்டையின் வெள்ளைக் கரு, பழச்சாறு. கழுத்தில் அழுத்தக் கட்டு. நீரின் அளவு தினமும் குறைந்து, பதின்மூன்றாம் நாள் அந்தக் குழாயை எடுத்தார்கள். இரண்டாவது அறுவை தேவைப்படவில்லை.

ஆனால் கசிவு தெரியவந்த அன்றே மகள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "நான் குடுத்த பாலாலதான் மேடம் இப்படி ஆயிடுச்சு. சித்தியும் வாயில அடிச்சிக்கிட்டு அழுவுது." இதைத் தெளிவாகச் சொல்லவேண்டியிருந்தது: கசிவு அறுவையன்றே இருந்தது. பால் கொடுத்ததால் நிறம் மாறி வெளியே தெரிந்தது. பால் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் சில நாள் யாருக்கும் தெரியாமலே ஓடியிருக்கும். மருத்துவரையும் அழைத்துவந்து அதே வார்த்தையை அவர் வாயால் சொல்லவைத்தேன். இப்படிப்பட்ட குற்ற உணர்ச்சி என் போன்றவர்கள் சொன்னால் போகாது. சித்தியிடமும் அவரே போனில் பேசினார். இரண்டு நிமிடம்தான். வீட்டில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகிற ஒரு பழியை இரண்டு நிமிடத்தில் இறக்கிவைக்க முடியும் என்றால் அதைச் செய்யாமல் இருப்பது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

மகள்

ஒன்பதாம் நாள் காலை குழாயடியில் மகள் மயங்கி விழுந்தார். பாத்திரம் கழுவப் போனவர். இரத்த அழுத்தம் குறைவு. முந்தைய நாள் மதியம் சாப்பிட்ட இரண்டு இட்லிக்குப் பிறகு டீ மட்டும்தான். எட்டு இரவுகளாகக் கட்டிலுக்குக் கீழே பாயில் தூக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபீட் (குழாய் உணவு), நடுவில் சளி உறிஞ்ச சிஸ்டரைக் கூப்பிடுவது, நடுநிசியில் அண்ணனின் போன். மாதவிலக்கு வந்திருந்தது, வார்டுக் குளியலறையில் தண்ணீர் வரும் நேரமும் அம்மாவின் ஃபீட் நேரமும் ஒன்றாக இருந்ததால் இரண்டு நாள் குளிக்கவில்லை. எங்கள் ஷீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை. நானும் கேட்கவில்லை. நோட்டை நன்றாக எழுதுகிறார் என்று பாராட்டிக்கொண்டிருந்தேன்.

தன் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். நம் மாநிலத்துப் புற்றுநோய் மருத்துவத்தின் வேரிலேயே ஒரு நோயாளியின் வீட்டார் பட்ட துயரம் இருக்கிறது. அப்படியிருந்தும் வீட்டாரின் பசியையும் தூக்கத்தையும் பற்றி வார்டில் விசாரிக்க யாருக்கும் பொறுப்பு இல்லை.

அன்று எல்லோரையும் கூட்டி வேலையைப் பிரித்தோம். சித்தி இரண்டு இரவு, மகள் மூன்று இரவு. சித்திக்குக் குழாய் உணவைக் கற்றுக்கொடுத்தது மகளே. அப்பாவுக்கு மருந்து வாங்குவது, ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக இரத்தம் கொடுப்பவர்களைக் கூட்டிவருவது, துணி துவைப்பது, கூடவே மகளை மதியம் ஒன்றரைக்கு வெளியே அழைத்துப்போய்ச் சோறு வாங்கிக்கொடுப்பது. கடைசி வேலையைச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு "நான் கேக்காமப் போயிட்டேன்" என்றார்.

குவைத்து அண்ணன் விஷயம் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது. தூரத்தில் இருப்பவரின் பயம் கேள்விகளாக வரும்: ஏன் இன்னும் குழாய் எடுக்கவில்லை, பெரிய தனியார் மருத்துவமனைக்கு மாற்றலாமா, நீ சரியாகக் கேட்டாயா. இரவு பதினொரு மணிக்கு வரும் ஒவ்வொரு கேள்வியும் தங்கைக்குப் பரீட்சை மாதிரி. நானே அவரிடம் பேசினேன். அவருக்கும் ஒரு வேலை கொடுத்தோம்: தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரே ஒரு வீடியோ கால்; அதன்பின் உறவினர்கள் அத்தனை பேருக்கும் தகவல் சொல்வது அவர் பொறுப்பு. ஒரு நாளைக்கு இருபது பேர் தங்கையைக் கூப்பிட்டு "எப்படி இருக்கா, சாப்பிடுறாளா" என்று கேட்பது அன்றோடு நின்றது. தங்கைக்கு இழந்த சம்பளத்தை அனுப்பவும் அவரே முன்வந்தார். கோபமாகப் போனை வைத்த அதே ஆள்தான்.

கண்ணாடி

தொண்டைக் குழாயை ஒன்பதாம் நாள் மாலை எடுத்து, துளையின் மேல் பஞ்சு வைத்து மூடினார்கள். விரலால் அழுத்திக்கொண்டு பேசிப் பாருங்கள் என்றதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "ஃபேனைக் குறை." மகள் சுவிட்சைத் தேடி ஓடினார். எட்டு நாளாக அந்தக் காற்று துளையின் மேல் அடித்து இருமலை வரவைத்திருக்கிறது. ஐந்து சைகையில் ஃபேன் இல்லை. சிலேட்டு கையில் கிடைத்தபோது எழுதுவதற்கு வேறு அவசரங்கள் இருந்தன.

மகள் முகத்தைக் காட்டாமல் பார்த்துக்கொண்டார். போனை அம்மா பக்கம் திருப்பமாட்டார். வீடியோ காலில்கூட அம்மாவின் சிறிய படத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடிப்பார். நெஞ்சுத் தோல் வெயில் படாத தோல். கன்னத்தில் வைத்தால் தனி நிறமாகத் தெரியும். சுற்றிலும் தையல், வீக்கம், வாயோரத்தில் எச்சில் வழிவது. பதினொன்றாம் நாள், எவர்சில்வர் தட்டைத் துடைத்து முகத்துக்கு நேரே பிடித்து அம்மா பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். என்னைப் பார்த்ததும் கீழே வைக்கவில்லை. "சரியாத் தெரியல. கண்ணாடி இருந்தாக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். மகளையும் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். இதைத் தனியாகப் பார்க்க விடக்கூடாது. வேண்டாம் என்று தடுக்கவும் கூடாது. நெடுநேரம் பார்த்தார். புது தோலைப் புறங்கையால் தொட்டார், ஒன்றும் தெரியவில்லை என்றார். அந்தத் தோலில் உணர்ச்சி இருக்காது, சூடாக எதுவும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். மகளிடம் திரும்பி, "நீ சொல்லு. ஷேடு சேருதா?" என்று கேட்டார். மகள் அழுதுகொண்டே, "சேரலம்மா. ஆனா தையல் நேரா இருக்கு" என்றார். பொய் சொல்லவில்லை. அம்மா தலையாட்டினார்.

வீட்டுக்கு

மொத்தம் 23 நாட்கள். அறுவைக்குப் பின் பதினெட்டாம் நாள் டிஸ்சார்ஜ். வாய் வழியாக நீராகாரம் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. மூக்குக் குழாய் இன்னும் இருந்தது. மகளும் சித்தியும் மூன்று வேளை எங்கள் கண்முன்னால் குழாய் உணவு கொடுத்துக் காட்டிய பிறகுதான் அனுப்பினோம். எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகளே தன் எழுத்தில் எழுதிக்கொண்டார்: காய்ச்சல், வாயிலோ கழுத்திலோ இரத்தம், புது தோல் கறுப்பது, குழாய் வெளியே வருவது, மூச்சுத் திணறல், கழுத்து வீக்கம். அச்சடித்த தாளைவிடச் சொந்த எழுத்தைத்தான் அவசரத்தில் தேடுவார்கள்.

திசு அறிக்கையில் வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. இரண்டு நெறிக்கட்டுகளில் இருந்தது. அறுவையிலிருந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும் என்பதால், வீட்டுக்குப் போகும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தையான இரண்டு பற்களை எடுத்தாயிற்று. கதிர்வீச்சு 30 முறை. வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். ஊரிலிருந்து தினமும் வந்துபோக முடியாது என்று, கதிர்வீச்சு மையத்திலிருந்து நான்கு நிறுத்தம் தள்ளி ஒரு உறவினர் வீட்டில் தங்கினார்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது பெரிய உதவியாக இருந்தது. ஊரிலிருந்து மகள் ரயிலில் அழைத்துவரும் நாட்களுக்கு, புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் உள்ள கட்டணச் சலுகைச் சான்றை வாங்கிக் கொடுத்தோம். ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

இடது தோளைத் தூக்கும் பயிற்சியை அம்மா ஒழுங்காகச் செய்யவில்லை. கழுத்து அறுவைக்குப் பின் தோள் இறுகிப்போகும் என்று சொல்லித்தான் அனுப்பினோம், ஆனால் செய்துகாட்ட எங்களுக்கு நேரம் போதவில்லை. அது எங்கள் குறை. இப்போது கை தலைக்கு மேல் போகவில்லை. தலை சீவ இன்னொருவர் வேண்டும். பிசியோதெரபி போய்க்கொண்டிருக்கிறது.

இதற்குப் பிறகு வார்டில் இரண்டு மாற்றம் கொண்டுவந்தோம். அறுவைக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு உடனிருப்பவருக்கு அரை மணி நேரப் பயிற்சி: காலி சிரிஞ்சும் ஒரு பழைய மூக்குக் குழாயும் வைத்துக் கையால் செய்துபார்ப்பது, குழாய்களின் பெயர், எதைத் தொடலாம், எந்தக் கையில் ஊசி. இன்னொன்று, காலையில் டிரெயின் டப்பாவைக் கொட்டும் முன் அளவோடு நிறத்தையும் ஷீட்டில் எழுதுவது. கடந்த வாரப் பயிற்சிக்கு வந்த ஆறு பேரில் ஒருவர் 19 வயதுக் கல்லூரிப் பையன். அப்பாவுக்கு நாக்கில் அறுவை. சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு உயரம் சிஸ்டர்?" என்று மூன்று முறை கேட்டான்.